ஐயச் சுரப்பி

அக்காவின் மருத்துவத் தாள்கள் ஒரு புடவைக்கடைப் பைக்குள் இருக்கின்றன. எந்தத் தீபாவளிக்கோ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய புடவையோடு வந்த பை. பிடி அறுந்த இடத்தில் பூத்தொடுக்கும் நாரால் முடிச்சுப் போட்டிருக்கிறாள். உள்ளே ஏழு வருடத் தாள்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினேன். கீழே கொமுட்டர் ரயில் கடக்கும்போதெல்லாம் மேசை லேசாக அதிரும். தாள்கள் நழுவாமல் இருக்க மிளகுத்தூள் டப்பாவை மேலே வைத்தேன். ரத்த அணுக்கள், சர்க்கரை, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், தைராய்டு. 'நார்மல்' என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு இடத்தில் இருந்தது. வெளியே 33 டிகிரி வெயில். எதிரே அக்கா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு 43 வயது. ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறாள். மல்லிகை ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும். ஐஸில் கை வைத்து வைத்துத்தான் விரல் மரத்துப்போகிறது, உடம்பெல்லாம் குளிர்கிறது என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். முன்பு ஒரு மணி நேரத்தில் கட்டிய கல்யாண மாலைக்கு இப்போது இரண்டரை மணி நேரம் ஆகிறது. புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்துவிட்டது, மை எழுதி மறைக்கிறாள். முகம் வெளுத்து, கண்ணோரத்திலும் வாயோரத்திலும் மெல்லிய சுருக்கங்கள், கசக்கிய காகிதத்தை நீவி வைத்ததுபோல. தினமும் பார்க்கிற முகம் என்பதால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கல்யாணப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உடம்பின் இந்த நிலைக்குத் தமிழில் எத்தனை சொற்கள். வேலை முடிந்தவனுக்கு அலுப்பு. வெயிலில் நடந்தவனுக்குக் களைப்பு. தூக்கம் போதாதவனுக்கு அசதி. மனமும் சேர்ந்து சாய்ந்தால் சோர்வு. அக்கா இவற்றில் எதையும் சொன்னதில்லை. அவள் சொன்னதெல்லாம் "முடியல" என்பதுதான். கிளினிக்கில் அதை மலாயில் சொல்ல வேண்டும். அங்கே எல்லாம் 'பெனாட்' என்ற ஒரே சொல்லுக்குள் போய் அடங்கிவிடும். பெனாட் என்று சொல்லிக்கொண்டு அந்த நாற்காலியில் ஒரு நாளில் எத்தனை பெண்கள் வந்து உட்காருவார்கள்! வேலைக்குப் போகிற, சமைக்கிற, பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் பெனாட்தான். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதுவார். ஒரு முறை தூக்க மாத்திரை. ஒரு முறை, மனநல ஆலோசகரைப் பார்க்கலாமே என்ற அன்பான யோசனை. சொந்தக்காரர்கள் ரத்தம் இல்லை என்றார்கள், சூடு என்றார்கள், யாரோ செய்துவைத்துவிட்டார்கள் என்றார்கள். பத்துமலைக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி என்று கண்டுபிடித்து அதையும் கட்டி முடித்தோம். ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டாள், சோம்பேறி என்று பேசியவர்களும் உண்டு. அக்காவுக்கும் மாமாவுக்கும் இடையில் இந்த வருடங்களில் என்ன வற்றியது என்பதை நான் எழுத மாட்டேன். லோரி ஓட்டிவிட்டு நடு இரவில் வந்து, அவளை எழுப்பாமல் தானே சோறு போட்டுச் சாப்பிடுகிற மனிதர் அவர்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் கடையில் மயங்கி விழுந்தாள். அவசரப் பிரிவில் சோடியம் 126 என்று வந்தது. 135க்குக் குறையக்கூடாத எண் அது. உப்புநீர் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து, சிறப்புப் பிரிவுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். இளம் மருத்துவர், மலாய்ப் பெண். தாள்களைப் புரட்டினார். புரட்டுவதை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, அந்தப் பையிலிருந்த எந்தத் தாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"லெபாஸ் பெர்சாலின், சூசு அடா கெலுவார்?"

பிள்ளை பெற்ற பிறகு பால் வந்ததா?

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தேன். "வரல" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு மலாயில் சொன்னாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. அடுத்த கேள்வி மாதவிலக்கைப் பற்றியது. அதுவும் அந்தப் பிரசவத்தோடு சரி. மகளுக்கு இப்போது 11 வயது. பதினொரு வருடமாக என் அக்காவுக்கு மாதவிலக்கு வரவில்லை என்பதை ஒரு மருத்துவரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். கிளினிக் படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி என்ற கட்டத்தில் ஏதாவது ஒரு தேதியை எழுதிவிடுவாளாம். வெறுமையாக விட்டால் கேள்வி வரும், கூட வந்தவர்கள் காதில் விழும்.

பால் வராத கதை எனக்குத் தெரியும். வீட்டில் அது கதையாகவே இருந்தது. அம்மா சுறாப்புட்டு அவித்தார். பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். முருங்கைக் கீரைக்காகப் பக்கத்து வரிசை வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கினார். கடைசியில் பால்மாவு டின் வாங்கினோம். குழந்தை அழும்போது அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதற்கு முந்தைய கதையும் தெரியும். நீண்ட பிரசவம், நிற்காத ரத்தப்போக்கு, நாலு பை ரத்தம் ஏற்றினார்கள். நாலு பை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாடமான கணக்கு. இந்த இரண்டு கதைகளும் ஒரே கதை என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் நடந்தது.

மருத்துவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் மூளையை வரைந்து, அதன் அடியில் ஒரு சிறு பட்டாணியைத் தொங்கவிட்டார். பிட்யூட்டரி. அரை கிராம் எடை. மண்டையோட்டின் அடித்தளத்தில் துருக்கிச் சேணம் என்று உடற்கூற்றியலார் பெயரிட்ட ஒரு சிறு எலும்புக் குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் அட்ரீனலுக்கும், கருப்பைக்குப் பக்கத்துச் சூலகங்களுக்கும், மார்பில் பால் சுரப்பதற்கும் அங்கிருந்துதான் உத்தரவு போகிறது. அது கெட்டிருக்கலாம் என்றார். 'இருக்கலாம்' என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். இன்னும் சோதனைகள் வேண்டும்.

அன்று இரவு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிட்யூட்டரி என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள் கபச்சுரப்பி என்கின்றன. கபத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? லத்தீனில் பிட்யூட்டா என்றால் சளி. மூளையின் கழிவு புனல் வழியாக இந்தச் சுரப்பியில் இறங்கி மூக்கில் சளியாக வடிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலென் இரண்டாம் நூற்றாண்டில் எழுதினார். 1543இல் வெசாலியஸ் மனித உடலை அறுத்துப் படம் போட்ட பெருநூலிலும் சளி வாங்கும் சுரப்பி என்றே அது பெயர் பெற்றது. மூளையிலிருந்து மூக்குக்கு அப்படி ஒரு வாய்க்காலே இல்லை என்பதை விட்டன்பெர்க்கின் ஷ்னைடரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோயரும் காட்டியது 17ஆம் நூற்றாண்டில். பிழை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து மாணவர் இன்றும் கபச்சுரப்பி என்று எழுதும்போது, காலெனின் பிழை தமிழ் உடுத்திக்கொண்டு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றுக்கும் தனித்தமிழ்ப் பெயர்கள் உண்டு: வளி, அழல், ஐயம். கபத்துக்குப் பெயர் ஐயம். சந்தேகத்துக்கும் அதே சொல். இரப்பவருக்கு இடும் பிச்சைக்கும் அதே சொல். ஒலி ஒன்றானதால் நேர்ந்த ஒற்றுமை, வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அக்காவின் பையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று பொருளும் சேர்ந்தே வருகின்றன. பதினான்கு நார்மலுக்கு எதிரில் அவளிடம் இருந்தது ஓர் ஐயம் மட்டும்தான். இன்னொரு சோதனை கேட்பது அவளுக்குப் பிச்சை கேட்பதுபோல இருந்தது. "டாக்டர் தப்பா நெனச்சிக்குவாங்க தம்பி. அவங்க படிச்சவங்க" என்பாள்.

இப்போது அந்தத் தைராய்டு தாளுக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாதது அதுதான். அதில் அளந்திருந்தது டிஎஸ்எச். அளவு 1.9, முழு நார்மல். டிஎஸ்எச் தைராய்டு சுரக்கும் பொருள் என்றே நான் நினைத்திருந்தேன். அதைச் சுரப்பது பிட்யூட்டரி. தைராய்டுக்கு அது அனுப்பும் உத்தரவுச் சீட்டு. தைராய்டு தானாகக் கெட்டால் பிட்யூட்டரி சீட்டுமேல் சீட்டாக எழுதும், டிஎஸ்எச் ஏறும், சோதனை பிடித்துவிடும். பெரும்பாலான தைராய்டு நோய்கள் அப்படிப்பட்டவை என்பதால் அந்தச் சோதனை நல்ல சோதனை. ஆனால் சீட்டு எழுதுகிறவருக்கே உடம்பு சரியில்லை என்றால்? கீழே தைராய்டு சுரப்பு வற்றிக் கிடக்கும்போதும் மேலே டிஎஸ்எச் நார்மலாகவே காட்டும். அம்மா காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருக்குப் புரியும்படி இப்படிச் சொன்னேன்: "கிராணி எத்தனை சீட்டு எழுதினார்னு ஆபீஸ்ல எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்கம்மா. வாளியில எவ்வளவு பால் இறங்குச்சுன்னு யாரும் பார்க்கல." வாளியைப் பார்க்கிற சோதனைக்கு ஃப்ரீ டி4 என்று பெயர். புதிய மருத்துவர் அதையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். 12க்கு மேல் இருக்க வேண்டியது 8 என்று வந்தது.

பையில் இன்னொரு தாளும் இருந்தது. தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இருநூறு வெள்ளி (ரிங்கிட்) கட்டி எடுத்த முழு உடல் பரிசோதனை. அதில் அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசோலும் உண்டு, அளவு குறைவு. ஆனால் ரத்தம் எடுத்த நேரம் மாலை 4 மணி. கார்ட்டிசோல் விடியற்காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும் சுரப்பு. மாலையில் குறைவாக இருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. காலை எட்டு மணிக்கு எடுத்திருந்தால் ஏழு வருடத்தில் இரண்டு வருடமாவது மிஞ்சியிருக்கும். வேலை முடித்துத்தான் போக முடியும் என்று அக்கா மாலையில் போயிருக்கிறாள்.

மருத்துவர் ஐயப்பட்ட நோய்க்கு ஹெரால்ட் ஷீஹன் என்ற நோய்க்கூற்றியலாரின் பெயர். கிளாஸ்கோ பிரசவ மருத்துவமனையில், பிள்ளை பெற்று இறந்த பெண்களின் உடல்களை அறுத்துப் பார்ப்பது அவர் வேலை. பிரசவத்தில் பெருமளவு ரத்தம் இழந்த பெண்களின் பிட்யூட்டரி செத்துக் கிடப்பதைக் கண்டு 1937இல் எழுதினார். கருவுற்ற காலத்தில், பால் சுரப்புக்கான அணுக்கள் பெருகி, இந்தச் சுரப்பி வழக்கத்தைவிடப் பெரிதாகிறது. அதற்கு ரத்தம் வருவதோ அழுத்தம் குறைந்த சிறு நாளங்கள் வழியாக. பெரிதாகிப் பசித்துக் கிடக்கிற நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் பட்டினி கிடப்பது இதுதான். முக்கால் பங்குக்கு மேல் அழிந்தால்தான் வெளியே தெரியும். தெரிவதும் ஒரே நாளில் அல்ல. முதல் அடையாளம் பால் வராதது. பிறகு மாதவிலக்கு திரும்பாதது, மழித்த முடி முளைக்காதது, குளிர், வெளுப்பு, சோர்வு. பிரசவத்துக்கும் நோய் கண்டுபிடிப்புக்கும் நடுவில் பத்து வருடமும் அதற்கு மேலும் போய்விடுவது உலகம் முழுக்க இந்த நோயில் வழக்கம். கடைசியில் ஒரு காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வரும்போது, தாங்குவதற்குக் கார்ட்டிசோல் இல்லாமல் உயிர் போகலாம்.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்த மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட கணக்கு, பிள்ளை பெற்ற இருபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு இது இருக்கலாம் என்றது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் பிள்ளை பெற்றவர்கள். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்கும் இதே சுரப்பி இதேபோல் அழிவதை பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் கண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கும் வரலாம். பிழைத்துவிட்டார் என்று நாம் சந்தோஷமாக வீட்டுக்கு அழைத்துவந்த எத்தனையோ பேருக்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தால்தான் தெரியும்.

இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கீரை ஆய்வதை நிறுத்தினார்.

"தோட்டத்துல ஒருத்தங்க இருந்தாங்க. வெளுத்தம்மான்னு கூப்பிடுவோம். எங்களைவிட மூத்தவங்க. மூணாவது பிள்ளை லயத்துலயே பொறந்துச்சு. பிள்ளை நின்னுச்சு, அவங்க பிழைச்சதே பெருசுன்னாங்க. அந்தப் பிள்ளைக்கு நாங்கதான் மாறி மாறிப் பால் கொடுத்தோம். அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா ஒண்ணும் இல்லாமப் போயிட்டாங்க. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வந்து நிப்பாங்க, நின்னுக்கிட்டே தூங்குவாங்க. கங்காணி பேர் வெட்டிட்டாரு."

வெளுத்தம்மா எப்படி இறந்தார் என்று கேட்டேன். "ஒரு மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு நாள்." ஒரு நினைவைக்கொண்டு நோயைத் தீர்மானிக்க முடியாது. ரத்தசோகை, காசநோய், மலேரியா என்று தோட்டத்துப் பெண்ணை வெளுக்க வைக்க எத்தனையோ இருந்தன. ஆனால் அம்மா அடுத்துச் சொன்னதை நான் எழுதியாக வேண்டும். "மரத்துல பால் நின்னுட்டா கோடு போட்டு விட்டுருவாங்க தம்பி. அதுக்கு ஓய்வு. கொஞ்ச நாள் யாரும் வெட்டக் கூடாது." பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மலேசியாவில் பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்துக் காரணம் எழுதும் ஏற்பாடு 1991 முதல் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, நூற்றுக்கணக்கான தாய்மாரைக் காப்பாற்றியிருக்கும். கர்ப்பிணியின் ஆபத்து நிலைக்கு ஏற்ப அவர் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டுகிறார்கள். அத்தனை கவனமும் பிரசவம்வரை, பிரசவத்தை ஒட்டிய சில வாரங்கள்வரை. ரத்தம் கொட்டியும் இறக்காத பெண் அந்தக் கணக்கில் வர மாட்டாள். வீட்டுக்குப் போய்விடுவாள். ஆறு மாதம் கழித்து அவளைக் கூப்பிட்டு, பால் வந்ததா, தூரம் திரும்பியதா என்று இரண்டே கேள்வி கேட்க ஒரு செவிலியருக்கு இரண்டு நிமிடம் போதும். எந்திரம் வேண்டாம், ஊசி வேண்டாம். ஷீஹன் அதை எழுதிய காலத்தில் ரத்தத்தில் சுரப்புகளைத் துல்லியமாக அளக்க வழி இல்லை. நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் அதற்கு வழி கண்டது 1950களின் இறுதியில், யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1977இல். அதற்கு முந்தைய மருத்துவர்களுக்குக் கேள்விதான் பெரிய கருவி. இன்று அரசுக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் ரத்தம் எடுத்து எண்கள் தருகிறார்கள். எத்தனை பெரிய கொடை அது! கேள்வியும் அதோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

சோர்வாக இருக்கிற எல்லாரும் மூளையைப் படம் பிடிக்க ஓட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஓர் ஆபத்து இருப்பதை மருத்துவர்தான் விளக்கினார். எந்தத் தொந்தரவும் இல்லாத நூறு பேரை எம்ஆர்ஐயில் படுக்க வைத்தால் பத்துப் பேருக்கு இந்தச் சுரப்பியில் ஏதாவது ஒரு சிறு புள்ளி தெரியுமாம். பெரும்பாலும் ஒன்றும் செய்யாத புள்ளி. ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துத் தனியாரிடம் முதலில் படம் எடுத்தவர்கள் அந்தப் புள்ளியைச் சுமந்துகொண்டு தூக்கம் கெட்டு அலைகிறார்கள். ஒழுங்கு இதுதான்: முதலில் பிரசவக் கதை, பிறகு உடம்பு, பிறகு காலை எட்டு மணி ரத்தம், அதற்குப் பிறகே படம். அக்காவுக்குப் படத்துக்கு இரண்டு மாதம் கழித்து நாள் கொடுத்திருக்கிறார்கள். ஷீஹன் நோயாக இருந்தால் அந்தப் படத்தில் சேணம் வெறுமையாகத் தெரியுமாம்.

மாத்திரையிலும் ஒழுங்கு உண்டு. டி4 குறைவு என்று தெரிந்ததும் தைராய்டு மாத்திரை கொடுத்துவிடலாமே என்று நான் அவசரப்பட்டேன். மருத்துவர் தலையசைத்தார். கார்ட்டிசோல் இல்லாத உடம்பில் முதலில் தைராக்சினை ஏற்றினால் உடம்பு வேகம் பிடித்து இருக்கிற கொஞ்ச கார்ட்டிசோலையும் தின்றுவிடும், ஆள் சாயலாம். முதலில் கார்ட்டிசோல் தெளிவாக வேண்டும். காலை எட்டு மணிக்கு எடுத்த அக்காவின் அளவு 190. நூறுக்குக் கீழே இருந்தால் இல்லை என்று சொல்லிவிடலாம், நானூறைத் தாண்டினால் உண்டு என்று சொல்லிவிடலாம். 190 நடுவில் நிற்கிறது. "தக் பாஸ்தி லாகி" என்றார். இன்னும் உறுதியில்லை. ஏழு வருடமாக உறுதியான தாள்களை வாங்கிவந்த எங்களுக்கு, உறுதியில்லை என்று ஒருவர் சொன்னது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வது? அதுவரை காய்ச்சலோ வாந்தியோ வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தத் தாள் பைக்குள் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மகளின் பள்ளி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முடிவு தெளிவாகாவிட்டால் உட்சுரப்பியலுக்கு நாட்டின் தலைமை மையமான புத்ராஜெயா மருத்துவமனைக்கு அனுப்புவோம் என்றும் சொன்னார். அக்கா உடனே வழிக்கணக்குப் போட்டாள்: இங்கிருந்து ஒரு நிறுத்தம் பண்டார் தாசேக் செலாத்தான், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் அடுத்த நிறுத்தமே புத்ராஜெயா. "தூரமில்ல" என்றாள். முதல் முறையாக அவளே ஒரு சோதனைக்கு வழி சொன்னாள்.

ஷார்ட் சினாக்தென் சோதனை ஒரு புதன்கிழமை. மாமா விடுப்பு எடுக்கிறேன் என்றார், நான் போகிறேன் என்றேன். பிட்யூட்டரி அட்ரீனலுக்கு அனுப்பும் உத்தரவைப் போலவே செயற்கையாகச் செய்த மருந்து, 250 மைக்ரோகிராம். அதை ஊசியில் ஏற்றிவிட்டு, அட்ரீனல் எழுந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் உத்தரவே வராத அட்ரீனல் ஒரு நாள் உத்தரவுக்கு எழுந்திருக்காது. ஊசிக்கு முன் ஒரு குழாய் ரத்தம், அரை மணியில் ஒன்று, ஒரு மணியில் ஒன்று. அறையில் குளிர்சாதனம். அக்கா கம்பளிச் சட்டையின் மேல் என் சட்டையையும் போர்த்திக்கொண்டாள். செவிலியர் ஒவ்வொரு குழாயிலும் நேரத்தைப் பேனாவால் எழுதினார். 8.10. 8.42. 9.12. ஊசி குத்திய கையைத் தொடாமல் மற்றக் கையால் அக்கா மடியில் எதையோ தொடுத்துக்கொண்டிருந்தாள். பூ இல்லை, நார் இல்லை. விரல்கள் மட்டும்.

"இன்னும் எத்தனை?"

"இதோட முடிஞ்சுதுக்கா."

முடிவு வர இரண்டு வாரம் ஆகும். வெளியே வந்ததும் பசியாறினோம். ஒரு தோசை முழுதாகச் சாப்பிட்டாள். கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி ரயிலில் வீட்டுக்கு அழைத்துவந்தேன். பெட்டியில் கூட்டம் இல்லை. அடுத்த சந்திப்புக்கு நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி மருத்துவர் கொடுத்த படிவத்தை எடுத்தேன். பிரசவத் தேதி, எந்த மருத்துவமனை, எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை பை ஏற்றினார்கள். எனக்குத் தெரிந்த கணக்குதானே என்று எழுதிக்கொண்டே போனேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நாலு இல்லடா. ஆறு."

நான் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நாலாவது பைக்கு அப்புறம்தான் உங்களையெல்லாம் வெளிய அனுப்பினாங்க. நான் முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். ஒவ்வொண்ணா மாட்டுறப்ப எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். ரொம்பக் குளுருச்சு. ஆறாவது பையில பாதி போறப்ப பிள்ளையக் கொண்டாந்து பக்கத்துல வச்சாங்க."

நாலை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். அவள் கட்டத்தை உற்றுப் பார்த்து, "கையெழுத்து புரியுமா அவங்களுக்கு? பக்கத்துல எண்ணாவும் எழுது" என்றாள். 6 என்று எழுதினேன்.